ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தாள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுகிறேன். உன் கடிதம் நேற்றுத்தான் கைக்குக் கிடைத்தது. வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய படம் அதற்கு முன்பே வந்துவிட்டது. இரண்டையும் மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஜன்னலுக்கு எதிராக ஒரு தாளைப் பிடித்து செல்போனில் எடுத்திருக்கிறாய். நீள்வட்டத்துக்குள் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், கையில் ஈட்டி, வட்டத்தின் தலையில் கிரீடம். பிரிட்டானியாவேதான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே உன் கண்ணில் ஒரு நீர்க்குறி பட்டுவிட்டது என்பதில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை. பல பேர் இப்படிப்பட்ட பழைய தாள்களை வருடக்கணக்காகப் புரட்டுவார்கள், எழுத்தைப் பார்ப்பார்கள், கிழிசலைப் பார்ப்பார்கள், வெளிச்சத்தில் ஒருமுறைகூடத் தூக்கிப் பார்க்க மாட்டார்கள்.

நீ கேட்டிருக்கும் கேள்விக்கு வருகிறேன். உன் ஆய்வகத்துக்குக் கொஞ்சம் பணம் வரப்போகிறது, நீர்க்குறிகளைப் படமெடுக்க எந்தக் கருவி வாங்கலாம் என்று ஒரு குறிப்பு எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள், "தெர்மல் கேமராவா, எக்ஸ்ரேயா, நல்ல லைட் ஷீட்டே போதுமா மாமா?" என்று கேட்கிறாய். பதில் சொல்வேன். ஆனால் அந்தப் படம் எதைப் பிடிக்க வேண்டும் என்பது முதலில் உனக்குத் தெளிய வேண்டும். அது தெளிந்தால் கருவியைப் பற்றிய பாதிக் குழப்பம் தானாகவே போய்விடும்.

கையால் காகிதம் செய்த காலத்தை மனத்தில் கொண்டுவா. கந்தல் துணியை இடித்து ஊறவைத்த கூழ் ஒரு தொட்டியில் இருக்கிறது. ஒருவர் மரச்சட்டத்தில் கம்பி பரப்பிய ஒரு சல்லடையைத் தொட்டியில் முக்கி எடுக்கிறார். அதை நம் தொழிலில் மோல்டு என்றே சொல்கிறோம், நீயும் அப்படியே சொல்லிப் பழகு. நெருக்கமாக ஓடும் மெல்லிய கம்பிகள் காகிதத்தில் விடும் தடம் லெய்டு கோடு. அவற்றைக் கட்டிப்பிடித்து, ஏறத்தாழ ஓர் அங்குல இடைவெளியில் குறுக்கே ஓடும் கம்பிகளின் தடம் செயின் கோடு. அந்தச் சல்லடையின் மேல் ஒரு உருவத்தைக் கம்பியில் வளைத்து, இன்னும் மெல்லிய கம்பியால் தைத்துவிடுவார்கள். கம்பி உயர்ந்திருக்கும் இடத்தில் கூழ் குறைவாகத் தங்கும். தாள் உலர்ந்த பிறகு அந்த இடம் மெலிந்து நின்று, வெளிச்சத்தை அதிகமாக விடும். நீர்க்குறி என்பது அவ்வளவுதான். நீர் என்று பெயரில் இருக்கிறதே தவிர, அது கம்பியின் தடம். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியில், ஃபாப்ரியானோ போன்ற ஊர்களில் தொடங்கிய பழக்கம் இது.

இதில் முக்கியமானது, தொட்டியடியில் ஒரு மோல்டு தனியாக வேலை செய்ததில்லை என்பது. இரண்டு மோல்டுகள் ஜோடியாகச் சுழலும். ஒருவர் ஒன்றில் கூழை அள்ளும்போது, இன்னொருவர் மற்றதிலிருந்து ஈரத்தாளைக் கம்பளித் துணிமேல் கவிழ்த்துக்கொண்டிருப்பார். எனவே ஒரே ஆலையின் ஒரே கட்டுத் தாளில் இரண்டு பிரிட்டானியாக்கள் இருப்பார்கள். அக்கா தங்கை போல இருப்பார்கள், ஒருத்தியே அல்ல. கம்பியைக் கையால் வளைத்ததால் ஒருத்திக்கு முழங்கை சற்று மடங்கியிருக்கும், இன்னொருத்தியின் ஈட்டி செயின் கோட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். வேலை நடக்க நடக்கக் கம்பி தளரும், நழுவும், ஓரிடத்தில் அறுந்து திரும்பத் தைக்கப்படும். அந்தத் தையலும் தாளில் சிறு புள்ளிகளாக விழும். ஆக, ஒரு மோல்டுக்கு வயது இருக்கிறது, அந்த வயது தாளில் பதிகிறது.

நாம் படமெடுப்பது இதற்காகத்தான். இது பிரிட்டானியா என்று சொல்ல எந்தக் கருவியும் வேண்டாம், உன் செல்போனே சொல்லிவிட்டது. இது வேறொரு தாளில் உள்ள அதே பிரிட்டானியாவா, அதே மோல்டா, அதே வயதிலா என்பதுதான் கேள்வி. உருவம் ஒத்திருப்பது வேறு, ஒன்றாகவே இருப்பது வேறு. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாத படம் எத்தனை அழகாக இருந்தாலும் பதிவு ஆகாது.

நான் இதைத் தப்புச் செய்து கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களிடம் இருந்தது ஒரு கண்ணாடி மேசை, அடியில் ஒரு டியூப் லைட், டிரேசிங் தாள், பென்சில். ஒரு கொம்புக் குறி. தபால்காரர் ஊதும் கொம்பு மாதிரி, கேடயத்துக்குள் தொங்கும். இரண்டு மணி நேரம் குனிந்து வரைந்தேன். கொம்பின் வாய்ப்பக்கம் லேசாகக் கோணியிருந்தது. என் கை நடுங்கியதால்தான் கோணல் என்று நினைத்து அதை நேராக்கிச் சுத்தமாக வரைந்து முடித்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். பல மாதம் கழித்து இன்னொரு கட்டில் அதே கொம்பு வந்தபோது, இரண்டும் ஒரே மோல்டா என்று பார்க்க என் வரைபடத்தை எடுத்தேன். கோணல்தான் அடையாளம். அதை நான் அழித்து வைத்திருந்தேன். மூலத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. பென்சிலை அழுத்திய இடமெல்லாம் தாளில் மெல்லிய பள்ளமாக விழுந்திருந்தது. சாய்த்துப் பிடித்த வெளிச்சத்தில் அந்தப் பள்ளம் கொம்பைச் சுற்றிப் பளபளத்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. இருநூறு வருடம் பிழைத்து வந்த தாளில் என் கைவேலை.

டிரேசிங்கைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஜெனீவாவைச் சேர்ந்த பிரிக்கே 1907-ல் வெளியிட்ட நான்கு தொகுதிகளில் 16,112 குறிகள் இருக்கின்றன. எல்லாம் கையால் எடுத்தவை. அவருக்குப் பின் ஜெர்மனியில் கெர்ஹார்ட் பிக்கார்ட் ஏறத்தாழ 92,000 குறிகளை அட்டைகளில் சேர்த்தார். ஸ்டுட்கார்ட் ஆவணக் காப்பகத்தில் இருக்கும் அந்தத் தொகுப்பை இப்போது இணையத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம், பார். இந்த இரண்டு மனிதர்களின் உழைப்பு இல்லாவிட்டால் நீர்க்குறி ஆய்வு என்று ஒன்று இல்லை. ஆனாலும் வரைபடம் வரைந்தவரின் கண்ணைத்தான் காட்டும். எது முக்கியம் என்று அவர் நினைத்தாரோ அது மட்டும் அதில் இருக்கும். தையல் புள்ளிகள் பெரும்பாலும் இருக்காது.

அந்தப் புள்ளிகளுக்காகவே வாதாடியவர் ஆலன் ஸ்டீவன்சன் என்ற அமெரிக்க நூலறிஞர். நீர்க்குறிகள் இரட்டையர்கள் என்பதை ஊருக்கு உரக்கச் சொன்னவர் அவர்தான். ஐரோப்பாவில் ஒரு பழைய வழிபாட்டு நூல், கான்ஸ்டன்ஸ் மிஸ்ஸல் என்று அழைக்கப்படுவது, பல காலமாக ஒரு சண்டைக்குக் காரணமாக இருந்தது. அதன் எழுத்துருவைப் பார்த்தவர்கள், குட்டன்பர்க்கின் பைபிளுக்கும் முந்தியது, ஐரோப்பாவின் முதல் அச்சு நூலே இதுதான் என்றார்கள். நூலில் ஆண்டு இல்லை. ஸ்டீவன்சன் எழுத்தை விட்டுவிட்டுத் தாளைப் பிடித்தார். அதே ஜோடி மோல்டுகளின் தாள் ஆண்டு குறிப்பிட்ட வேறு நூல்களில் எங்கெங்கே வருகிறது, அங்கே கம்பி எவ்வளவு தளர்ந்திருக்கிறது, இங்கே எவ்வளவு என்று ஒப்பிட்டுக்கொண்டே போனார். 1967-ல் வெளிவந்த அவருடைய நூலின் முடிவு: 1473. பைபிளுக்கு ஏறக்குறைய இருபது வருடம் பிந்தியது. அந்தத் தாளில் காளைத் தலைக் குறி என்று மட்டும் எழுதிவைத்திருந்தால் இந்த முடிவு வந்திருக்காது. ஐரோப்பா முழுக்கக் காளைத் தலைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

இப்போது கருவிக்கு வா.

முதலில் வெளிச்சம். மெல்லிய எல்இடி லைட் ஷீட் ஒன்று வாங்கச் சொல், இதில் இரண்டாவது யோசனையே வேண்டாம். பழைய லைட் பாக்ஸ் போலச் சுடாது, கட்டிய புத்தகத்தில் இரண்டு ஏடுகளுக்கு நடுவே நுழைக்கலாம், தாளைத் தூக்கவே வேண்டாம். ஜன்னலில் பிடிப்பதை இன்றோடு விட்டுவிடு. ஓரம் பொடிந்த தாளை இரண்டு விரலில் தொங்கவிடக் கூடாது என்று உனக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், ஆசையில் மறந்திருப்பாய். புத்தகத்தை அது தானாகத் திறக்கும் அளவுக்கு மேல் திறக்காதே. இரண்டு பக்கமும் ஃபோம் தாங்கல் வை. தாளைச் சமமாக்கக் கண்ணாடி வைப்பதானால் எழுத்து உதிர்கிறதா, நிறம் பொடியாக நிற்கிறதா என்று முதலில் பார். உதிர்ந்தால் கண்ணாடி கிடையாது.

கேமரா ஸ்டாண்டில் நேர் மேலே நிற்க வேண்டும். சாய்ந்தால் செயின் கோட்டின் இடைவெளி மாறிவிடும், பிறகு அளவு எதற்கும் உதவாது. ஸ்கேல் படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும், தாள் இருக்கும் அதே மட்டத்தில். இன்னொன்றை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது: எந்தப் பக்கத்திலிருந்து பார்த்து எடுத்தாய் என்று எழுது. தாளுக்கு ஒரு மோல்டுப் பக்கம் உண்டு, ஒரு கம்பளிப் பக்கம் உண்டு. மோல்டுப் பக்கத்தில் கம்பியின் பள்ளம் இருக்கும். டார்ச் லைட்டைத் தாளின் மட்டத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் அந்தப் பள்ளங்கள் நிழல் போடும், உன் கண்ணுக்கே தெரியும். இதை எழுதாமல் விட்டால், இடவலம் மாறிய படம் ஒரு மோல்டை அதன் ஜோடி போலவே காட்டிவிடும். இரட்டையரைப் பிரிக்க எடுத்த படமே இரட்டையரைக் குழப்பும். இதனால் வந்த வீண் சண்டைகள் உண்டு.

வெளிச்சத்தின் பெரிய குறை, அது எழுத்தையும் சேர்த்துக் காட்டும். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலக் கடிதங்களில் இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியிருப்பார்கள். பிரிட்டானியாவின் முகத்தின் மேல் அரிசி விலையும் கப்பல் பெயரும் ஓடும். இதற்குச் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. கேமராவையும் தாளையும் அசைக்காமல் இரண்டு படம் எடு. மேலிருந்து விழும் வெளிச்சத்தில் ஒன்று, அடியிலிருந்து வரும் வெளிச்சத்தில் ஒன்று. முதல் படத்தில் எழுத்து மட்டும் இருக்கும். இரண்டாவதில் எழுத்தும் குறியும் இருக்கும். கணினியில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் எழுத்து பெரும்பகுதி போய்விடும். பின்பக்க எழுத்தும் தொந்தரவு செய்தால் அதையும் தனியாக எடுத்து, இடவலம் திருப்பிக் கழிக்கலாம். முழுக்கச் சுத்தமாக வராது. நூறு தாளில் எண்பதுக்கு இதுவே போதும் என்பது என் கணிப்பு. கழித்த படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூலப் படங்களை அழித்துவிடாதே. கழித்தல் என்பதும் ஒருவகை டிரேசிங்தான், எதை விடுவது என்று நீ முடிவெடுக்கிறாய்.

மீதி இருபதுக்கு மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கடிதங்களின் மை பெரும்பாலும் மாசிக்காயும் அன்னபேதியும் வேலம்பிசினும் சேர்த்தது. நம் நாட்டு மருந்துக் கடையில் முதல் இரண்டும் இன்றும் கிடைக்கும், வாங்கி ஒரு நாள் நீயே கரைத்துப் பார். கண்ணுக்குக் கன்னங்கரேலென்று தெரியும் அந்த மை அகச்சிவப்பில் போகப்போக வெளுக்கிறது. 1,000 நானோமீட்டரைத் தாண்டும்போது மிகவும் மங்கிவிடும். தெர்மல் கேமரா பார்க்கும் இன்னும் நீண்ட அலைகளில் ஏறக்குறைய இல்லாமலே போகும். தாளுக்குப் பின்னால் மெல்லிய சூடுள்ள ஒரு தட்டை வைத்து, முன்னால் தெர்மல் கேமராவை வைத்தால், தாள் மெலிந்த இடத்தில் வெப்பம் அதிகமாகக் கசிந்து வரும். எழுத்து காணாமல் போய், குறி மட்டும் நிற்கும். ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் நகர ஆய்வாளர்கள் இதை நன்றாக வளர்த்தெடுத்தார்கள். சில நொடிகளில் முடிந்துவிடும், கதிரியக்கப் பயம் இல்லை. ஆனால் மலிவான தெர்மல் கேமராவில் நுணுக்கம் வராது, தையல் புள்ளி கரைந்துவிடும். நல்ல கேமராவின் விலையைக் கேட்டுவிட்டுப் பேசு. கரி மையில் எழுதியிருந்தால் அந்த மை இவ்வளவு சுலபமாக விலகாது என்பதையும் குறிப்பில் எழுது.

பீட்டா ரேடியோகிராபி பற்றி நீ கேட்கவில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். என் மனத்துக்கு இதைவிட அழகான முறை கிடையாது. 1950-களின் இறுதியில் லெனின்கிராடில் எராஸ்டோவ் என்பவர் உருவாக்கியது. 1961-ல் ஆக்ஸ்ஃபோர்டின் ஜே.எஸ்.ஜி. சிம்மன்ஸ் எழுதிய பிறகு மேற்கில் பரவியது. கார்பன்-14 கலந்த ஒரு பிளாஸ்டிக் தகடு. அதன் மேல் தாள், தாளின் மேல் எக்ஸ்ரே ஃபிலிம். இருட்டறையில் அப்படியே சில மணி நேரம் விட்டுவிட வேண்டும். தகட்டிலிருந்து வரும் எலக்ட்ரான்கள் வலுவற்றவை, ஒரு தாளைக் கடப்பதற்கே திணறும். அதனால்தான் தாளில் இழை எங்கே கூடியிருக்கிறது, எங்கே குறைந்திருக்கிறது என்பதை அவ்வளவு நுட்பமாகச் சொல்கின்றன. மை பெரிதாக எடை கூட்டுவதில்லை என்பதால் எழுத்து பெரும்பாலும் பதிவதே இல்லை. படம் தாளின் அளவுக்கே வரும், ஸ்கேல் பிரச்சினை கிடையாது. ஃபிலிமைக் கழுவி எடுத்து விளக்கில் பிடித்தால், ஒவ்வொரு லெய்டு கோடும், ஒவ்வொரு தையல் புள்ளியும், கூழில் சேர்ந்துவிட்ட ஒரு நூல் துணுக்குகூடத் தெரியும். முதன்முறை அப்படி ஒரு படத்தைக் கையில் வாங்கியபோது நான் பேச்சற்று நின்றேன். எழுதியவர் போய்விட்டார், எழுத்தும் போய்விட்டது, தாள் செய்தவரின் கை மட்டும் அங்கே இருந்தது.

கார்பன்-14-க்கு அரை ஆயுள் 5,730 ஆண்டு, தகடு தேய்ந்துபோகிறதே என்ற கவலை இல்லை. ஆனால் அது கதிரியக்கப் பொருள். முறையான உரிமம், பயிற்சி பெற்ற ஆள், பூட்டிய அறை எல்லாம் வேண்டும். ஒரு நாளைக்குச் சில தாள்தான் முடியும், தகட்டின் அளவுதான் படத்தின் அளவு. மென்மையான எக்ஸ்ரேயிலும் இதே தரத்தில் எடுக்கலாம், நேரம் மிகக் குறைவு, ஆனால் குறைந்த வோல்ட்டில் இயங்கும் தனி இயந்திரம் வேண்டும். ஆஸ்பத்திரி எக்ஸ்ரேக்குத் தாள் ஒரு பொருட்டே அல்ல, ஊடுருவிப் போய்விடும், ஒன்றும் பதியாது. உன் ஆய்வகம் இந்த இரண்டையும் வாங்க வேண்டியதில்லை என்பது என் தீர்மானமான கருத்து. உண்மையாகவே தேவைப்படும் ஐந்தாறு தாள் வரும்போது, கருவி உள்ள இடத்தோடு பேசிக்கொள்ளலாம்.

டைலக்ஸ் என்று ஒரு ஒளியுணர் தாள் இருந்தது. தாமஸ் கிரேவெல் என்ற அமெரிக்கர் அதை வைத்து ஆயிரக்கணக்கான குறிகளைப் பிடித்தார், இருட்டறை இல்லாமலே. எழுத்தும் சேர்ந்து விழும். பழைய கட்டுரைகளில் அந்த நீலப் படங்களைப் பார்த்தால் என்னவென்று தெரிந்துகொள், அது போதும்.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலை எந்த வெளிநாட்டுக் கட்டுரையும் உனக்குச் சொல்லாது. நம் காப்பகங்களில் பழைய தாள்களில் எத்தனையோ, முன்பே ஷிபான் துணியும் டிஷ்யூவும் ஒட்டிப் பலப்படுத்தப்பட்டவை. அன்றைக்கு அதுதான் தெரிந்த வழி, செய்தவர்களைக் குறை சொல்லாதே. அந்தத் தாளை லைட் ஷீட்டில் வைத்தால் ஷிபானின் நெசவு லெய்டு கோட்டின் மேல் வலைபோல் விழும், எது தாள், எது துணி என்று தெரியாது. பசையும் அங்கங்கே தடித்திருக்கும். எடையை அளக்கும் பீட்டா படத்திலும் இந்தத் துணியும் பசையும் சேர்ந்தே வரும், ஏமாந்துவிடாதே. எனவே சிகிச்சைக்கு வரும் தாளைப் பழைய துணியைப் பிரித்த பிறகு, புதிய டிஷ்யூ ஒட்டுவதற்கு முன்பு எடுக்க வேண்டும். அந்த ஒரு நாள்தான் தாள் தானாக இருக்கும் நாள். அதற்குப் பிறகு இன்னும் ஐம்பது வருடத்துக்கு அப்படி இருக்காது. வேலை அவசரத்தில் "அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்" என்று மேலே உள்ளவர்கள் சொன்னால், மரியாதையாகவே, ஆனால் விடாமல், பத்து நிமிடம் கேட்டு வாங்கு.

இத்தனை பாடுபட்டு என்ன கிடைக்கும் என்று யாராவது கேட்பார்கள். உன் கையில் உள்ள கட்டிலேயே பதில் இருக்கிறது. 1794-ல் பிரிட்டனில் ஒரு சட்டம் வந்தது. ஏற்றுமதியாகும் காகிதத்துக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெற வேண்டுமானால், தாளின் நீர்க்குறியில் ஆண்டு இருக்க வேண்டும். அதனால் அதற்குப் பிறகு கப்பலேறிய ஆங்கிலத் தாளில் ஆலைக்காரர் பெயரோடு ஆண்டும் கம்பியில் வளைந்து நிற்கிறது. சென்னைக்கு வந்த கம்பெனித் தாள்களில் அது எத்தனையோ முறை என் கண்ணில் பட்டிருக்கிறது. ஒருமுறை ஒரு கடிதம். மேலே எழுதியிருந்த தேதி 1797. கையெழுத்து, முத்திரை வாசகம் எல்லாம் முறையாக இருந்தன. வெளிச்சத்தில் வைத்தால் தாளின் நடுவில் 1804. மூலக் கடிதம் என்று பட்டியலில் ஏறியிருந்தது, குறைந்தது ஏழு வருடம் கழித்து யாரோ எடுத்த நகல். மோசடி ஒன்றும் இல்லை, கம்பெனி எழுத்தர்கள் நகலெடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஆனால் அந்தக் கடிதத்தை மூலமாக நம்பி ஒருவர் எழுதிய பத்தி திருத்தப்பட வேண்டியதாயிற்று. கவனி, ஆண்டு குறி ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் சாட்சி சொல்லும். அதற்கு முன் இந்தத் தாள் இல்லை என்று சொல்லும். எவ்வளவு காலம் கழித்து எழுதினார்கள் என்று சொல்லாது. சில ஆலைகள் ஒரே ஆண்டை மோல்டில் வைத்துக்கொண்டு பல வருடம் ஓட்டியிருக்கின்றன. அதற்கு மேல் கப்பல் பயணம், கிடங்கில் கிடந்த காலம். இங்கேயும் கடைசியில் மோல்டின் வயதுதான் பேசும்.

ஓவியத்திலும் இதே கதை. ரெம்பிராண்ட்டின் செப்புத் தகடுகள் அவர் இறந்த பிறகும் அச்சடிக்கப்பட்டன. எது அவர் உயிரோடு இருந்தபோது எடுத்த பிரதி, எது பின்னால் எடுத்தது என்று தாளின் குறி காட்டிக்கொடுக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களை வைத்தே இந்தக் குறிகளைப் பிரித்தறியும் வழியை அமைத்திருக்கிறார்கள். குறி இல்லாத துண்டுத் தாளாக இருந்தாலும் செயின் கோடுகளின் இடைவெளியை அளந்து இரண்டு தாள் ஒரே மோல்டா என்று சொல்ல முயல்கிறார்கள். ஆகவே குறி விழாத ஏட்டையும் படமெடு. பல தாள்களில் ஒரு பாதியில்தான் குறி இருக்கும், மற்றப் பாதியில் கோடு இருக்கிறதே.

நம் நாட்டில் கையால் செய்த தாள் வந்தால் வேறு மாதிரி. இங்கே சல்லடை கம்பியில் அல்ல, புல்லில். புல்லைக் குதிரை மயிரால் கோத்த பாய். அதில் கம்பி உருவம் தைக்கும் வழக்கம் இல்லை, குறி இருக்காது. கோடுகள் வளைந்தும் நெளிந்தும் போகும். "குறி இல்லை, புல் கோடு, பத்து மில்லிமீட்டருக்கு இத்தனை" என்று எழுது. குறி இல்லை என்பதும் பதிவுதான். ஒரே கட்டில் எந்த ஏடு சீமைத் தாள், எந்த ஏடு நம் தாள் என்று தெரிந்தால், எந்த மாதத்தில் அலுவலகத்தில் சீமைத் தாளுக்குத் தட்டுப்பாடு வந்தது என்று ஒரு வரலாற்று மாணவர் கண்டுபிடிக்கலாம்.

உன் குறிப்பில் இப்படி எழுதுவேன் நான்: இரண்டு அளவில் லைட் ஷீட், உறுதியான காப்பி ஸ்டாண்ட், நல்ல லென்ஸ், அகச்சிவப்பு பார்க்கும்படி மாற்றிய ஒரு கேமரா, ஃபோம் தாங்கல்கள், மூலப் படங்களைச் சேமிக்க இரண்டு இடம். மிச்சப் பணத்தில் ஒரு ஆளுக்கு ஆறு மாதச் சம்பளம். கடைசி வரியைப் பார்த்துச் சிலர் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை, எழுது. விலை உயர்ந்த கேமரா உறையோடு அலமாரியில் தூங்குவதை நான் பார்த்திருக்கிறேன். பொறுமையான ஒரு ஆள் லைட் ஷீட்டோடு உட்கார்ந்தால் ஒரு வருடத்தில் ஒரு காப்பகத்தின் தாள் வரலாறே வெளியே வந்துவிடும். அகச்சிவப்புக் கேமரா கரி மையைப் பிரித்தறியவும், மங்கிய எழுத்தைப் படிக்கவும் வேறு வேலைகளுக்கும் ஆகும். தெர்மல் கேமராவை இரண்டாவது வருடம் கேள், அதற்குள் எத்தனை தாளுக்கு அது தேவைப்பட்டது என்ற கணக்கு உன் கையில் இருக்கும்.

இன்னும் எழுதலாம். அம்மா ஏற்கெனவே போனில், "தம்பி, குழந்தையை முதல் மாதத்திலேயே பயமுறுத்திவிடாதே" என்று சொல்லிவிட்டாள். பயப்பட ஒன்றுமில்லை. உனக்குக் கண் இருக்கிறது என்பதை அந்த ஒரு படமே காட்டிவிட்டது.

இப்போது எனக்கு ஒரு வேலை செய்து கொடு. நீ எடுத்தது பாதித் தாள். முழுத்தாளை நடுவில் ஒரு மடிப்பு மடித்துத் தைத்திருப்பார்கள். அதன் இணை ஏடு தையலுக்கு மறுபுறம் எங்காவது இருக்கும், ஏடுகளை எண்ணிப் பார்த்துக் கண்டுபிடி. பிரிட்டானியா ஒரு பாதியில் இருந்தால், ஆலைக்காரர் பெயரும் ஆண்டும் பெரும்பாலும் மறுபாதியில் இருக்கும். லைட் ஷீட்டை அடியில் நுழைத்து, ஸ்கேல் வைத்து, எந்தப் பக்கம் என்று எழுதி, இரண்டு பாதியையும் எடுத்து அனுப்பு. ஆண்டு என்ன என்று தெரிந்துகொள்ள நான் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
மாமா